வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்



இந்தப் பகுதியில் டெங்கிக் காய்ச்சலைப் பற்றியும், இனிப்பு நீரைப் பற்றியும், இரத்தக் கொதிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இம்முறை எழுதப்போவது நாம் வாய்விட்டுப் பேசக் கூசும் ஒரு நோயைப் பற்றி. அதுதான் மார்பகப் புற்றுநோய். "இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்தாலும் பரவாயில்லை, படித்துவிடுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமார் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2016-ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு செம்பனைத் தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருந்தேன். உரம் போடும் கும்பலில் ஓர் அக்கா. வயது நாற்பத்தெட்டு இருக்கும். ஒருநாள் பெரட்டு முடிந்ததும் வந்து, "இடது தோள்பட்டை வலிக்குது ஐயா, உரச் சட்டி தூக்கித் தூக்கி இப்படி ஆயிடுச்சு" என்றார். தேய்க்கத் தைலமும் விழுங்க மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதமும் அதே வலியோடு வந்தார். அதே தைலம், அதே மாத்திரை. மூன்றாவது முறை அவராக வரவில்லை. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததுமே புண்ணின் வாடை அடித்தது. மார்பில் கட்டி உடைந்து, துணியை மடித்து வைத்துக் கட்டியிருந்தார்.

பத்து மாதமாக அந்தக் கட்டியை அவர் அறிந்தே இருந்திருக்கிறார். லயத்தில் யாரோ சொன்னார்கள் என்று மஞ்சளும் பச்சிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். கோயிலில் கயிறு கட்டியிருக்கிறார். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. "ஏன்க்கா என்கிட்ட முன்னாலேயே சொல்லல?" என்று கேட்டேன். "வலிக்கலையே ஐயா. வலிச்சிருந்தா வந்திருப்பேன்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நோய் எலும்புவரை பரவிவிட்டது, நான்காம் கட்டம் என்றார்கள். 2018-இல் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் அவரை அடக்கம் செய்தோம்.

அவர் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு முறை என் எதிரில் வந்து உட்கார்ந்தாரே, நான் கேட்டேனா? "வேறு எங்காவது கட்டி இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. காரணம், அவர் பெண், நான் ஆண். வெட்கம் அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும் இருந்தது. அந்த வெட்கத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதனால்தான் இன்று கூசாமல் எழுதுகிறேன்.

நம் நாட்டின் கணக்கு

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டில் 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வர வாய்ப்புண்டு. சீனப் பெண்களிடையே அதிகம்; அடுத்தது நம் இந்தியப் பெண்கள். ஆகவே "இது பட்டணத்துப் பணக்காரர் வியாதி" என்று யாரும் இருந்துவிட வேண்டாம். லயத்து வீட்டுக்கும் அது வழி தெரிந்து வரும்.

இன்னொரு கணக்கைத்தான் நீங்கள் மனத்தில் பதிய வைக்க வேண்டும். 2007 முதல் 2011 வரை இந்நோய் கண்டவர்களைச் சுகாதார அமைச்சு பின்தொடர்ந்து பார்த்தது. முதற்கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 87 பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நான்காம் கட்டத்தில் வந்தவர்களிலோ நூற்றுக்குச் சுமார் 23 பேர்தான். அதே நாடு, அதே ஆஸ்பத்திரி, அதே மருந்து. வந்து சேர்ந்த நேரம்தான் வேறு. அப்படியிருந்தும் நம் நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பெண்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேருகிறார்கள். இது எவ்வளவு பெரிய அநியாயம், யோசித்துப் பாருங்கள்.

ஏன் தாமதம்? தூரமும் கூலி நஷ்டமும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். பெரிய காரணம், நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில தப்பான சங்கதிகள். பல ஆண்டுகளாக என் மேசைக்கு முன்னால் நான் கேட்டவற்றையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

"வலி இல்லை, அதனால் ஒன்றும் இல்லை"

இதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்குக்கு முன்னால் மார்பு கனத்து வலிப்பது பெரும்பாலும் சாதாரண விஷயம். வலிக்கிற கட்டிக்குப் பயந்து ஓடிவருகிறோம். வலிக்காத கட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறோம். வலித்தாலும் சரி, வலிக்காவிட்டாலும் சரி, புதிதாக ஒரு கட்டி தென்பட்டால் காட்டிவிட வேண்டும்.

அதே சமயம் வீணாகப் பயப்படவும் வேண்டாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. வெறும் நீர்க்கட்டியாகவோ, இளம் பெண்களுக்கு வரும் சதைக்கட்டியாகவோ இருக்கும். ஆனால் எது எந்தக் கட்டி என்று நீங்களும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"எங்க பரம்பரையில யாருக்கும் இல்ல"

இந்நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது பரம்பரைக் கோளாறால் வந்தது அல்ல. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அது உண்மை. யாருக்கும் இல்லை என்பதால் நமக்கும் வராது என்று எண்ணுவதுதான் தவறு.

"அஞ்சு பிள்ளைக்குப் பால் கொடுத்தவ நான்"

தாய்ப்பால் கொடுப்பது இந்நோயின் அபாயத்தைக் குறைக்கிறது. நம் தாய்மார்கள் செய்த நல்ல காரியம் அது. இளம் தாய்மார்களும் விடாமல் செய்யுங்கள். ஆனால் அபாயம் குறையுமே தவிர, அடியோடு அற்றுப்போகாது. பால் கொடுக்கும் காலத்திலேயே கட்டி வந்தால் "பால் கட்டிக்கிச்சு" என்று சொல்லி ஒத்தடம் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது பால்கட்டாகவே இருக்கும். ஆனால் ஓரிரு வாரத்தில் கரையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"அடிபட்டதுதான் கட்டியாயிடுச்சு"

மட்டை விழுந்தது, வாளி இடித்தது, பிள்ளை உதைத்தது என்று ஏதாவது ஒரு கதை இருக்கும். அடிபட்டதால் புற்றுநோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போதுதான் ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. கறுப்பு உள்பாடி அணிவதால் வரும், அதைப் போட்டுக்கொண்டு தூங்கினால் வரும் என்பதும் வெறும் பேச்சு.

"கத்தி பட்டால் பரவிடும்"

இந்த ஒரு வார்த்தை எத்தனை பேரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது தெரியுமா? ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பதாலோ, அறுவை செய்வதாலோ நோய் பரவுவதில்லை. முற்றிய நிலையில் போய், அறுவைக்குப் பிறகும் பிழைக்காதவர்களைப் பார்த்துவிட்டுக் கத்தியின் மேல் பழி போடுகிறோம். உண்மையில் பழி தாமதத்துக்குத்தான் சேரும்.

"ஒட்டிக்கும்"

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! தயவுசெய்து அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

"கண்ணேறு, செய்வினை"

சாமி கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். விபூதி பூசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. பூசாரியிடமும் போமோவிடமும் மூன்று மாதம் அலைந்துவிட்டுப் பிறகு வருவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பச்சிலைப் பற்றுப் போட்டுக் கட்டியைக் கரைக்கப் பார்ப்பதும் அப்படித்தான். கட்டி கரையாது, நாள்தான் கரையும்.

யாருக்கு அபாயம் அதிகம்?

பெண்ணாகப் பிறந்திருப்பதும் வயது ஏறுவதும்தான் முதல் காரணங்கள். நாற்பதைத் தாண்டினால் கவனம் கூட வேண்டும். சிறு வயதிலேயே வயதுக்கு வந்தவர்கள், மாதவிலக்கு மிகவும் தாமதித்து நின்றவர்கள், பிள்ளை பெறாதவர்கள், முப்பது வயதுக்கு மேல் முதல் பிள்ளை பெற்றவர்கள் ஆகியோருக்குச் சற்று அதிகம். இவையெல்லாம் நம் கையில் இல்லை.

நம் கையில் இருப்பவை இரண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு உடல் பருமன் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. மது இன்னொன்று. பீராக இருந்தாலும் சம்சுவாக இருந்தாலும் மது இந்நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. "அசதிக்குக் கொஞ்சம்" என்று ஆரம்பிக்கும் பெண்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

"களைமருந்து அடிப்பதால் வருமா?" என்று மருந்தடிக்கும் பெண்கள் கேட்கிறார்கள். மார்பகப் புற்றுக்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. ஆனால் தோல், கண், நுரையீரல் இவற்றுக்கு அந்த மருந்துகள் செய்யும் கேடு நமக்குத் தெரிந்ததே. பராகுவாட் என்ற களைமருந்தை 2020 ஜனவரி முதல் நம் நாடு தடை செய்துவிட்டது. மற்ற மருந்துகளுக்கும் கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. நூறு நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவர் ஆண். உங்கள் மார்பில் கட்டி வந்தாலும் "ஆம்பளைக்கு என்ன?" என்று இருந்துவிடாதீர்கள்.

மாதம் ஒருநாள், ஐந்து நிமிடம்

இருபது வயது முதல் ஒவ்வொரு பெண்ணும் மாதம் ஒருமுறை தன் மார்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிலக்குத் தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் பார்ப்பது நல்லது. அப்போது வீக்கமும் வலியும் குறைந்திருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். சம்பள நாள் என்றால் யாருக்கும் மறக்காது.

கண்ணாடி முன் நின்று, கையைத் தொங்கவிட்டும் தலைக்கு மேலே தூக்கியும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக வீங்கியிருக்கிறதா? தோல் குழிந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாக இருக்கிறதா? காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறதா? காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிகிறதா? ஆறாத புண் உண்டா? பிறகு குளிக்கும்போது சோப்புக் கையோடு, மூன்று விரல்களை ஒன்றாகச் சேர்த்து, விரல் நுனியால் அல்லாமல் விரலின் சதைப்பகுதியால் வட்டமாக அழுத்திப் பாருங்கள். கழுத்தெலும்பிலிருந்து மார்பின் கீழ்வரைக்கும், அக்குளையும் சேர்த்துத் தடவ வேண்டும். அக்குளை விட்டுவிடாதீர்கள், அங்கேயும் கட்டி தட்டுப்படலாம். முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் விளங்காது. பழகப் பழக உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரிந்துவிடும். போன மாதம் இல்லாதது இந்த மாதம் இருந்தால் மறுநாளே வாருங்கள்.

இது மட்டும் போதாது. நாற்பதுக்குக் கீழ் இருப்பவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், நாற்பதுக்கு மேல் ஆண்டுதோறும் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ மார்பைக் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும். கைக்கு எட்டாத கட்டியையும் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே காட்டிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. அதற்கு முன்னால் எடுக்க வேண்டுமா என்பதை டாக்டர் உங்கள் நிலையைப் பார்த்துச் சொல்வார்.

என்னிடம் காட்ட வெட்கமாக இருக்கிறதா? காட்ட வேண்டாம். "மிஸ்ஸியப் பார்க்கணும் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். காரணம் கேட்காமல் கடிதம் எழுதித் தருகிறேன்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

கையால் சோதிப்பார்கள். மேமோகிராமோ ஸ்கேனோ எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றாலும் மார்பை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சின்னதாக இருக்கும்போதே வந்தால் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சதையையும் மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு கதிர்ச் சிகிச்சை கொடுப்பது உண்டு. சிலருக்கு மருந்து ஏற்றுவார்கள். முடி கொட்டும், மறுபடி முளைக்கும். சிலருக்கு ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தினம் ஒரு மாத்திரை. உடம்பு நன்றாகிவிட்டது என்று அதைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

அந்த அக்காவை அடக்கம் செய்த அடுத்த ஆண்டு, அதே லயத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். "அந்தக் கதி எனக்கு வேணாம் ஐயா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சுண்டைக்காய் அளவு கட்டி. முதற்கட்டம். அறுவை ஆயிற்று, கதிர்ச் சிகிச்சையும் ஆயிற்று. இன்றும் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறாள். போன தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு அனுப்பினாள்.

பணமும் விடுப்பும்

"ஒருநாள் போனா ஒருநாள் கூலி போச்சே" என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு உரியதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளி. சொக்சோ உறுப்பினர்களில் நாற்பது வயதானவர்களுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டம் உண்டு. பெண்களுக்கு அதில் மேமோகிராமும் சேரும். அடையாள அட்டையோடு போய்ச் சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம், அரசாங்க ரொக்க உதவி பெறும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் உரியது. இலவசப் பரிசோதனை அதில் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் அதில் தருகிறார்கள். சிகிச்சை தொடங்கும்போதே ஆஸ்பத்திரியில் பாரம் கேட்டு வாங்குங்கள்; பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் இது சாதாரண நோய் விடுப்புக்கு மேற்பட்ட தனிக் கணக்கு. கொடுக்கத் தயங்கினால் சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் அதற்குத்தானே இருக்கிறது?

என் வேண்டுகோள்

கணவன்மார்களே! மனைவி தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தால் காதுகொடுத்துக் கேளுங்கள். "வயசான காலத்துல என்னடி இது" என்று அலட்சியமாகப் பேசாதீர்கள். நீங்களே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அறுவை ஆன மனைவியைக் குறைந்தவளாகப் பார்க்காதீர்கள். "வெளியில தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது" என்று மூடி மறைப்பவர்களே, அந்தக் கல்யாணத்தில் மணவறையில் நிற்கத் தாய் வேண்டாமா?

என்னைப் போன்ற டிரெஸ்ஸர்களே! தோள்வலி, முதுகுவலி என்று ஒரு பெண் வந்தால் அந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் மனைவியையோ ஆயாக்கொட்டகை ஆயாவையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

நிர்வாகத்தாருக்கும் நம் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. ஆண்டுக்கு ஒருநாள், ஒவ்வொரு தோட்டத்துக்கும் பெண் மிஸ்ஸி ஒருவரை வரவழையுங்கள். அன்று சோதித்துக்கொள்ளும் பெண்களுக்கு அரைநாள் கூலி வெட்டக் கூடாது. வேறு நாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் பெண்களையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு நம்மைவிடப் பல மடங்கு. இது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள் என்று கிளைத் தலைவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

தாய்மார்களே, இதைப் படித்து முடித்ததும் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் வலிக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். மறுநாள் காலையே ஆஸ்பத்திரிப் பக்கம் வாருங்கள். கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர்